தராசுப் பிழை

முதலில் தண்ணீர் காட்டணும்.
ஒரு ராத்திரி முழுக்க ஊறட்டும்.
இல்லையென்றால் இந்த ஜல்லி
சிமென்ட்டுக்கு அளந்து வைத்ததையும் குடித்துவிடும்.

நொறுக்கி எத்தனை முறை மென்று துப்பினாலும்
கல்லை விட்டுப் போவதில்லை பழைய சாந்து.
யாரோ ஒரு கொத்தனார்
ஏதோ ஒரு கோடையில்
கூலி வாங்கும் அவசரத்தில் குழைத்தது.
உள்ளெல்லாம் துளை. துளைக்குள் தூசி.
ஆற்றுக் கல் நூற்றுக்கு ஒன்று குடித்தால்
இது ஆறு குடிக்கும்,
நோன்பு திறக்கிறவன் மாதிரி.

மொசூலில் டைகிரிஸின் மேற்குக் கரையில்
வீடுகளாக இருந்தது
இப்போது லாரி லாரியாக வருகிறது.
வெடிக்காத குண்டு தேடுகிறவர்கள் கைவிட்டுத் துழாவிய பிறகு
பெல்ட்டில் ஏறும்.
இரு பக்கமும் கையுறைகள்.
கம்பி, மரம், கண்ணாடி,
ஒற்றைச் செருப்பு, கதவுக் கைப்பிடி
எல்லாம் எடுத்தாக வேண்டும்.
எல்லாவற்றுக்கும் முன்னால்
ஜிப்சம்.

நஷ்வானுக்கு அதில்தான் கோபம்.
அந்தத் தெருக்களில் ஜன்னலுக்கு ஜன்னல்
கொடியும் மாதுளையும் செதுக்கி நின்ற
சாம்பல் வெள்ளைக் கல் அது.
"இதைத்தானே முதலில் போடணும், இஞ்சினியர்?"

கூடாது என்றேன்.
உள்ளே போனால் சும்மா இருக்காது.
ஈரம் பட்டுப் பட்டு மெல்ல ஊதி
ஐந்தாம் வருஷமோ பத்தாம் வருஷமோ
உள்ளிருந்தே பிளக்கும்.

"அழகா இருந்தா கலவைக்கு ஆகாதா?"

சல்லடை கழுவ வேண்டியிருந்தது.
போய்விட்டேன்.

இருபத்தெட்டாம் நாள்
தொட்டியிலிருந்து கட்டைகளைத் தூக்கித் துடைத்து
ஷீத் ஒவ்வொன்றாக எந்திரத்தில் வைத்தான்.
முள் ஏறும்போது அவன் பேச மாட்டான்.
யாரையும் பேச விடவும் மாட்டான்.

முழுக்க ஆற்றுக் கல்: முப்பத்து நான்கு.
மூன்றில் ஒரு பங்கு இடிபாடு: முப்பத்து மூன்று.
ஷீத் விசிலடித்தான்.
முழுக்க இடிபாடு:
இருபத்தைந்தில் ஒரு சத்தம்,
ஈர விறகு முறிகிற மாதிரி.

உடைந்ததை விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன்.
கல் பிளக்கவில்லை.
நான் குழைத்த சிமென்ட்டும் விடவில்லை.
விரிசல் பழைய சாந்து வழியாகவே போயிருந்தது,
கண்ணை மூடிக்கொண்டு
பழகிய சந்தில் வீடு திரும்புகிறவனைப் போல.

நஷ்வான் வாசலில் நின்றிருந்தான்.
எப்போது வந்தான் தெரியாது.
"எவ்வளவு போச்சு?"
முழுசாகப் போட்டால் நாலில் ஒரு பங்கு, என்றேன்.
சிரித்தான்.
"அவ்வளவுதானா?
எங்க தெருவுல எண்ணிப் பாருங்க."

எண்ணவில்லை.
அறிக்கையில் எழுதினேன்:
தூணுக்கும் உத்தரத்துக்கும் வேண்டாம்,
மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதற்கும் வேண்டாம்.
நடைபாதைக் கட்டைக்கு முழுசாகவே போடலாம்.
ஷீத் எட்டிப் பார்த்தான்.
"அப்ப மேல நடப்பாங்களே?"
நடக்கட்டும் ஷீத்.
அதற்குத்தானே தெரு.

நவம்பரில் பெய்தது.
கல்லறைத் தோட்டத்துப் பக்கம் பதித்த வரிசையைப் பார்க்கப் போனேன்.
சுற்றிலும் எல்லாம் காய்ந்த பிறகும்
எங்கள் கட்டைகள் மட்டும் கறுத்து நின்றன,
இன்னும் விழுங்கி முடிக்காமல்.
ஒரு பையன் ஈரத்தை மட்டும் மிதித்து மிதித்துத்
தாண்டிப் போனான்.

வருஷக் கணக்கு முடிக்கிற நாள்.
பெல்ட்டில் பொறுக்கிய ஜிப்சம்:
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
கொட்டகைக்குப் பின்னால் குவியலில் இருப்பது:
நானூறு.

முந்தின வியாழன் சாயங்காலம்
நஷ்வானின் மோட்டார் சைக்கிளில், பின் சீட்டில்,
அவன் குளிர்கோட்டு மட்டும் உட்கார்ந்து போனது.
கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.
அந்தக் குளிரில் அவன்
வெறும் சட்டையில்.

ஞாயிறுதோறும் நானே எடைக்கல் வைத்துச் சோதிக்கிற தராசு.
அரை கிராம் கூட அசையாது.
பேனாவை எடுத்து எழுதினேன்:
வித்தியாசம் பன்னிரண்டு கிலோ.
காரணம், தராசுப் பிழை.